பனி பெய்யாத ஊரில் பன்னாட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரங்கள்: எவற்றைச் செய்யலாம், எவற்றை விடலாம்?

மஞ்சக்குப்பம் ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் எங்கள் பங்குக் கோயிலின் மறைக்கல்விப் பிள்ளைகளுக்காக, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மாலை சிறு விருந்து ஒன்றை ஏற்பாடு செய்கிறோம். அச்சு முறுக்கும் கலகலாவும் அதிரசமும் வழக்கம்போல் வீடுகளிலிருந்து வந்துவிடும். இம்முறை அவற்றோடு, பிற நாட்டினர் இத்திருநாளுக்கென்று சுடுபவற்றிலும் காய்ச்சிப் பருகுபவற்றிலும் ஐந்தாறை நாங்களே செய்து, ஒவ்வொன்றும் எந்த ஊருடையது, ஏன் அப்படி அமைந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன்.

தேடிப் பார்த்தால் ஜெர்மனியின் ஷ்டோலன், இத்தாலியின் பானெத்தோனே, பிரான்சின் புஷ் த நொயேல், இங்கிலாந்தின் பிளம் புட்டிங், முட்டையும் பாலும் சேர்ந்த எக்நாக் பானம், மசாலா சேர்த்துச் சூடாக்கிய ஒயின் என்று குளிர்நாட்டுப் பண்டங்களே முன்னால் வந்து நிற்கின்றன. நமக்கோ டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழை விட்டும் விடாமலும் பெய்யும் காலம். கடற்காற்றின் ஈரத்தில் காலையில் சுட்ட பிஸ்கட் மாலைக்குள் நமத்துவிடுகிறது. எங்களிடம் இருப்பவை இரண்டு சிறிய ஓடிஜி மின்னடுப்புகளும் பெரிய இட்லிக் கொப்பரைகளும்தான். பிள்ளைகளுக்கான விருந்து என்பதால் எதிலும் மது சேர்க்கக் கூடாது. அதற்காக, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வேறெதையோ கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. எவற்றைத் தொடலாம், எவற்றை விட்டுவிடலாம் என்று செய்து பழகியவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும். உலர்பழங்களை இப்போதே ஊறவைக்கத் தொடங்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

டுமாஸ் வீதிவாசி எழுதுகிறார்:

ஆசிரியை அவர்களே, தொலைவான நாடுகளுக்குப் போகும் முன் புதுச்சேரியிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்குள்ள பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் உருவான, பிரெஞ்சும் தமிழும் கலந்த கிரியோல் சமையலின் தொடர்ச்சியாக, விவிகம் என்ற கேக்கைக் கிறிஸ்துமஸுக்கு இன்றும் செய்கின்றன. ரவை, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, முந்திரி, ரம்மில் ஊறிய பழங்கள் ஆகியவை சேர்ந்த கனமான கேக் அது. எங்கள் வீட்டில் ரவையை இலேசாக வறுத்து, இளகிய வெண்ணெயோடு பிசைந்து, இரவு முழுவதும் மூடி வைப்போம். ரவை நன்றாக ஊறியபிறகு மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துச் சேர்த்து, தனியே அடித்த வெள்ளைக் கருவைக் கடைசியில் மெதுவாகக் கலப்போம். ரம் வேண்டாமென்றால் பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் வேகவைத்துக்கொள்ளலாம். கேக்கின் அமைப்பு ரவையிலும் வெண்ணெயிலும் இருப்பதால் அதற்கு ஒன்றும் குறைந்துவிடாது. பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே கிடைக்கும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கேக் இருக்க முடியாது.

கடல்கடந்த இதன் உறவையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். இலங்கையின் கிறிஸ்துமஸ் கேக்கிலும் மைதாவின் இடத்தில் ரவைதான். நிறைய முந்திரி, ஏராளமான மஞ்சள் கரு, சர்க்கரைப் பாகில் கிடந்து கண்ணாடிபோல் ஆன வெண்பூசணித் துண்டுகள், பன்னீர், ஏலக்காய் எல்லாம் சேரும். சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வண்ணத்தாளில் சுற்றி வைப்பார்கள். கூட்டத்தில் பகிர்வதற்கு அந்த முறை மிகவும் வசதியானது. ஈரக்காற்றும் கேக்கைத் தொடாது.

புஷ் த நொயேல் செய்ய அஞ்ச வேண்டாம். கிறிஸ்துமஸ் முன்னிரவில் அடுப்பங்கணத்தில் பெரிய மரக்கட்டையை எரித்த ஐரோப்பிய வழக்கத்தை நினைவூட்டும் கேக் அது; 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவம் பெற்றது. மெல்லிய ஸ்பாஞ்சு ஓடிஜியில் பத்து, பன்னிரண்டு நிமிடங்களில் வெந்துவிடும். சூடு ஆறுமுன் துணியோடு சேர்த்துச் சுருட்டிவிட வேண்டும், ஆறியபின் சுருட்டினால் வெடிக்கும். வெண்ணெய் கிரீம் மட்டும் வேண்டாம். வெண்ணெய் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே குழைந்து வழியத் தொடங்கும். ஆட்கள் நிறைந்த கூடத்தில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். சாக்லேட்டையும் சூடான கிரீமையும் கலந்து செய்யும் கனாஷ் சற்று உறுதியாக நிற்கும், பிரான்சிலும் அதைப் பூசுகிறார்கள். மேலே முட்கரண்டியால் மரப்பட்டைபோல் கோடுகள் இழுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள்.

முதுநகர் மாலுமி எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. சரக்குக் கப்பல்களின் சமையற்கட்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் என்றால் பனி என்ற எண்ணத்தை முதலில் பிள்ளைகளின் மனத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம்மைப்போலவே அரிசியும் தேங்காயும் வெல்லமும் வைத்துக்கொண்டு, வியர்க்கும் டிசம்பரில் இந்த விழாவைக் கொண்டாடும் மக்கள் உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய பலகாரங்கள் நம் ஊர்க் காற்றில் கெட்டுப்போகாது, நம் அடுப்பிலும் அடங்கும்.

பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலிக்குப் போவார்கள். சிம்பாங் காபி என்பது அதன் பெயர். திருப்பலி முடிந்து இருட்டோடு வெளியே வருபவர்களுக்காகக் கோயில் வாசலிலேயே பிபிங்கா சுடப்படும். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை கலந்த மாவை, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றி, கீழேயும் கரி நெருப்பு, மேலே மூடிய தட்டின்மீதும் கரி நெருப்பு வைத்து வேகவிடுவார்கள். பாதி வெந்ததும் உப்பிட்ட வாத்து முட்டையின் துண்டுகளை மேலே பதித்து, இறக்கியதும் வெண்ணெய் தடவித் தேங்காய்த் துருவல் தூவுவார்கள். ஓடிஜியில் மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் எரியவிட்டால் அதே பதம் வரும். வாழையிலையை நெருப்பில் வாட்டிவிட்டு விரிக்க வேண்டும், அந்த மணம் இல்லாத பிபிங்கா முழுமையாகாது. மேலிருந்து நெருப்பு வைக்கும் இதே முறையில்தான் கோவாவின் பெபிங்காவையும் தேங்காய்ப்பால், மஞ்சள் கரு, நெய் சேர்த்து அடுக்கடுக்காகச் சுடுகிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் சிவந்தபிறகே அடுத்த அடுக்கை ஊற்றுவதால் அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். உங்களுக்கு அது வேண்டாம்.

பிபிங்காவின் பக்கத்திலேயே புத்தோ பும்போங் என்ற ஊதா நிற அரிசிப் பலகாரமும் விற்கும். ஒட்டும் தன்மையுள்ள அரிசியின் மாவை மூங்கில் குழாய்களில் அடைத்து ஆவியில் வேகவைத்து, வெண்ணெய், தேங்காய்த் துருவல், பழுப்புச் சர்க்கரையோடு கொடுப்பார்கள். நம் வீட்டுப் புட்டுக் குழாயே போதும், கவுனி அரிசியை அரைத்தால் நிறமும் ஓரளவு வந்துவிடும். இவற்றோடு பருகுவது சலாபாத், அதாவது இஞ்சியைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டுச் சர்க்கரை சேர்த்த வெந்நீர். மதுவே இல்லாத பானம்.

அடுத்தது கரீபியத் தீவுகள். ஜமைக்காவில் கிறிஸ்துமஸ் பானம் என்றால் சாரல். நம் புளிச்சக்கீரை இனத்தின் சிவந்த வகையில், பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றி நிற்கும் சதைப்பற்றான சிவப்பு இதழ்களைக் கொண்டு செய்வது அது. நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த இதழாகக் கேட்டு வாங்கலாம். வேலியில் பூக்கும் சாதாரணச் செம்பருத்தி இதற்கு ஆகாது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களோடு அத்தீவுகளுக்குப் போன செடி அது. பகல் குறுகும்போதுதான் பூக்கும் இயல்புடையது என்பதால் அறுவடை சரியாக ஆண்டின் இறுதியில் வருகிறது, அதனாலேயே கிறிஸ்துமஸோடு ஒட்டிக்கொண்டது. 50 கிராம் உலர்ந்த இதழுக்கு 2 லிட்டர் தண்ணீர் வரை ஊற்றலாம். தட்டிய இஞ்சியும் கிராம்பும் சேர்த்து, கொதிக்கும் நீரை மேலே ஊற்றி மூடி, இரவு முழுதும் விட்டு, மறுநாள் வடிகட்டிச் சர்க்கரை கலக்க வேண்டும். மிகுந்த புளிப்பு உள்ளதால் அலுமினியப் பாத்திரமும் ஈயம் பூசாத பித்தளையும் கூடாது. எவர்சில்வர் அல்லது கண்ணாடி நல்லது. அங்கே பெரியவர்கள் ரம் சேர்த்துக்கொள்வார்கள், பிள்ளைகளுக்கு அப்படியே கொடுப்பார்கள். ஆகவே நீங்கள் எதையும் குறைத்துக் கொடுப்பதாக ஆகாது.

டிரினிடாடின் கறுப்புக் கேக்கைப் பற்றியும் கேட்பீர்கள். அரைத்த உலர்பழங்களை ரம்மிலும் செர்ரி மதுவிலும் மாதக்கணக்கில் ஊறவைத்து, கருக்கிய சர்க்கரைப் பாகு சேர்த்துச் சுடும் அந்தக் கேக்கின் சுவை மதுவை நம்பியே இருக்கிறது. எனவே அதைப் பற்றிச் சொல்லுங்கள், செய்யாதீர்கள். குளிர்நாட்டுப் பண்டங்கள் அனைத்தையும் அப்படியே ஒதுக்கிவிடலாம் என்பேன்.

முத்தியால்பேட்டை அடுமனையாளர் எழுதுகிறார்:

மாலுமி ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் குளிர்நாட்டுப் பண்டங்கள் அனைத்தையும் ஒதுக்கச் சொன்னதை ஏற்க முடியவில்லை. ஷ்டோலன் நம் ஊருக்கு மிகவும் ஏற்றது. கெடாமல் இருப்பதற்கென்றே உருவான ரொட்டி அது.

பிள்ளைகளுக்குச் சொல்ல அதன் வரலாறும் வளமானது. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரின் கிறிஸ்துமஸ் சந்தை 1434இல் தொடங்கியது. ஷ்டோலனின் உள்ளூர்ப் பெயரான ஷ்ட்ரீட்ஸல்தான் அந்தச் சந்தையின் பெயரிலும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலம் அந்நாளில் நோன்புக் காலம் என்பதால் வெண்ணெய்க்கும் பாலுக்கும் தடை இருந்தது. எண்ணெயும் மாவும் தண்ணீரும் சேர்ந்த வறண்ட ரொட்டியாகவே அது இருந்தது. வெண்ணெய் சேர்க்க அனுமதி கேட்டுச் சாக்சனி ஆட்சியாளர்கள் உரோமைக்கு எழுதிய வேண்டுகோளின் பயனாக, 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட், காணிக்கை செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு இசைவு அளித்தார். வெண்ணெய்க் கடிதம் என்றே அதைக் குறிப்பிடுகிறார்கள். மேலே அப்பிய வெண்சர்க்கரையும் மடித்த வடிவமும் துணியில் சுற்றிய குழந்தை இயேசுவை நினைவூட்டுவதாகச் சொல்வது வழக்கம்.

ட்ரெஸ்டன் ஷ்டோலன் என்ற பெயரில் விற்பதற்கு விதிமுறையே உண்டு. 1 கிலோ மாவுக்குக் குறைந்தது அரை கிலோ வெண்ணெய், 650 கிராம் உலர்திராட்சை, பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் 200 கிராம், பாதாம் 150 கிராம். நீங்கள் விற்கப்போவதில்லை என்பதால் பாதாமில் பாதியை முந்திரியாக்கிக்கொள்ளலாம். டூட்டி ஃப்ரூட்டியை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்; அது நிறமேற்றிய பப்பாளிக்காய், ஆரஞ்சுத் தோலின் கசப்பும் மணமும் அதில் இல்லை. கமலா ஆரஞ்சின் தோலை மும்முறை கொதிக்கவைத்து நீரைக் கொட்டிவிட்டு, சம எடைச் சர்க்கரையில் பாகு வற்றும்வரை வேகவைத்தால் வீட்டிலேயே கிடைத்துவிடும்.

இவ்வளவு வெண்ணெயும் சர்க்கரையும் ஈஸ்டை முடக்கும் என்பதால், மாவில் மூன்றில் ஒரு பங்கை வெதுவெதுப்பான பாலிலும் ஈஸ்டிலும் கரைத்து முதலில் பொங்கவிட வேண்டும். அது நன்றாகப் பொங்கியபிறகு மீதி மாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, பழங்களைக் கடைசியில் கலக்க வேண்டும். முன்னமே போட்டால் பழம் நசுங்கி மாவு கலங்கிவிடும். 170 டிகிரியில் அரைக் கிலோ ரொட்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சூடாக இருக்கும்போதே உருக்கிய வெண்ணெயைத் தாராளமாகப் பூசி, சாதாரணச் சர்க்கரையில் புரட்டி, முழுவதும் ஆறியபின் காற்றுப் புகாமல் சுற்றி, இரண்டு வாரம் வைக்க வேண்டும். அந்த வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த மேலுறையே காற்றைத் தடுக்கிறது. மேலே தூவும் மாவுச் சர்க்கரை நம் ஈரத்தில் கரைந்துவிடும் என்பதால், விருந்தன்று வெட்டுவதற்குச் சற்று முன் தூவுங்கள்.

பானெத்தோனே வேண்டாம். புளித்த தாய்மாவை நாள்தோறும் ஊட்டி வளர்த்து, நிறைய வெண்ணெயைத் தாங்கக்கூடிய வலுவான மாவில் செய்து, சுட்டதும் அமுங்கிவிடாதபடி தலைகீழாகத் தொங்கவிட்டு ஆறவைக்கும் ரொட்டி அது; நம் கடை மைதாவுக்கு அந்த வலு கிடையாது.

மஞ்சக்குப்பம் ஆசிரியை எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஷ்டோலனை இந்த வாரமே சுட்டுச் சுற்றிவைக்க முடிவு செய்துவிட்டோம். பிபிங்காவும் சாரலும் உறுதி. சுவீடனின் குங்குமப்பூ ரொட்டியான லுஸ்ஸெகாட்டர் பற்றியும் சொல்லுங்கள். சுவீடனைச் சேர்ந்த கியர்நாண்டர் என்ற மறைப்பணியாளர் 1740 முதல் பிரெஞ்சுப் படை 1758இல் ஊரைப் பிடிக்கும்வரை இந்தக் கடலூரில்தான் இருந்தார் என்பதால், அந்த நாட்டுப் பண்டம் ஒன்றும் மேசையில் இருக்க வேண்டும் என்று ஆசை. எக்நாக்கைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பச்சை முட்டை என்பதால் தயங்குகிறேன்.

நெல்லிக்குப்பம் வாசகி எழுதுகிறார்:

தங்கள் தயக்கம் சரியானது, அக்கா. எக்நாக்கைப் பச்சை முட்டையில் செய்யக் கூடாது. முட்டை, சர்க்கரை, பால் மூன்றையும் அடிகனமான பாத்திரத்தில் இளந்தீயில் கிளறி, 71 டிகிரி வரை சூடாக்கி, கரண்டியின் பின்புறத்தில் படியும் பதத்தில் இறக்கி உடனே குளிரவைத்தால் தீங்கில்லை. ஜாதிக்காயைப் பரிமாறும்போது துருவுங்கள். ஆனால் குளிர்பெட்டியை நம்பிய பானம் அது. மழையில் மின்சாரம் போனால் அத்தனையும் வீணாகும். அதன் இடத்தில் பெருவின் சூடான சாக்லேட்டைக் கொடுக்கலாம். அந்நாட்டில் டிசம்பரில் ஊர்ப் பிள்ளைகளை அழைத்து, பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய சாக்லேட்டையும் ரொட்டியையும் கொடுக்கும் கூட்டங்களே நடக்கின்றன. உங்கள் விருந்துக்கு அதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் பரிந்துரைப்பது மெக்சிகோவின் போஞ்சே. டிசம்பர் 16 முதல் 24 வரை, மரியாவும் யோசேப்பும் தங்க இடம் தேடியதை நடித்துக் காட்டியபடி வீடு வீடாகச் செல்லும் பொசாதா ஊர்வலத்தில் வருபவர்களுக்குக் கொடுக்கும் சூடான பழப்பானம் அது. கொய்யா, கரும்புத் துண்டு, ஆப்பிள், புளி, பட்டை, வெல்லம் சேரும். தெஹோகோத்தே என்ற சிறு மஞ்சள் பழம் மட்டும் நமக்குக் கிடைக்காது. கொய்யா குழைந்துவிடும் என்பதால் அதைக் கடைசியில் போடுங்கள். எங்கள் ஊர்க் கரும்பைத் தோல் சீவி, நீளவாக்கில் நான்காகப் பிளந்து போட்டால், குடித்து முடித்தபின் பிள்ளைகள் மென்றுகொண்டிருப்பார்கள். கொப்பரையில் காய்ச்சலாம், மாலை முழுவதும் இளந்தீயில் வைத்திருக்கலாம்.

லுஸ்ஸெகாட்டர் எளிது. டிசம்பர் 13, புனித லூசியா நாளுக்குரிய ரொட்டி. குங்குமப்பூவைச் சிறிது சர்க்கரையோடு பொடித்து வெதுவெதுப்பான பாலில் ஊறவிட்டு, ஈஸ்ட், வெண்ணெய், மாவு சேர்த்துப் பிசைந்து, எஸ் எழுத்தைப்போல் இரு முனையும் எதிரெதிராகச் சுருட்டி, ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஓர் உலர்திராட்சையை அழுத்த வேண்டும். 220 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம் போதும். அதே நாளில் உண்டால்தான் மென்மையாக இருக்கும்.

உலர்பழம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதில் கவனம் தேவை. மாதக்கணக்கில் ஊறவைப்பது மதுவுக்கு மட்டுமே பொருந்தும். அது கெடாமல் காக்கிறது. பழச்சாற்றில் ஊறவைத்து வெளியே வைத்தால் நம் வெப்பத்தில் இரண்டு நாளில் நுரைத்துப் புளித்துவிடும். ஆகவே இப்போது எதையும் ஊறவைக்காதீர்கள். கேக் சுடுவதற்கு முதல் நாள், ஆரஞ்சுச் சாறு முழுவதும் வற்றும்வரை பழங்களை வேகவைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே பயன்படுத்திவிடுங்கள். ஷ்டோலனுக்கான உலர்திராட்சைக்கும் இதுவே முறை, ஆனால் அதில் சொட்டு ஈரமும் தங்கக் கூடாது. துணியில் பரப்பி உலர்த்திய பின்னரே மாவில் சேருங்கள்.

முத்தியால்பேட்டை அடுமனையாளர் எழுதுகிறார்:

அந்தக் கடைசி வரியை வழிமொழிகிறேன். இரண்டு வாரம் சுற்றிவைக்கும் ரொட்டியில் ஈரம் தங்கினால் பூசணம் உள்ளிருந்தே பிடிக்கும். ஆறியதா என்பதை மேல்தோலைத் தொட்டு முடிவு செய்யாமல், சுட்ட இரவு முழுவதும் கம்பித் தட்டில் விட்டு மறுநாள் காலையில் சுற்றுங்கள். முதலில் வெண்ணெய்த்தாள், அதன்மேல் அலுமினியத் தாள், பிறகு மூடியிட்ட தகர டப்பா. அடுப்படியில் வைக்காமல் வீட்டின் குளிர்ந்த அறையில் வைத்தால் போதும், குளிர்பெட்டி வேண்டியதில்லை.